பார்சியம்மாவுக்குச் செய்த மரியாதை

செங்கம் ரோட்டில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் அழுகிறவர்கள் வீட்டுக்காரர்கள். முதலில் சட்டையைக் கழற்றுகிறவர் ஏகாம்பரநாதன். தகவல் காதில் விழ வேண்டியதுதான், மண்டியை அப்படியே போட்டுவிட்டு, துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வந்து நிற்பார். பாடைக்கு மூங்கில், பந்தலுக்குக் கீற்று, விறகுக்கு வண்டி, மேளத்துக்கு ஆள் என்று காரியம் தன்பாட்டுக்கு நடக்கும். வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அழுதுகொண்டிருக்கிறவர்களிடம் போய் அது வேண்டுமா, இது வேண்டுமா என்று நச்சரிப்பது பாவம் என்பது அவர் கட்சி.

ஆள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். டவுனுக்கு வந்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி போட்டு, செங்கம் ரோட்டில் வீடு கட்டி, பின்கட்டை மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். மண்டியில் அவருக்கு அப்படியொன்றும் பேர் கிடையாது. பேரெல்லாம் சாவு வீட்டில்தான். ஏகாம்பரநாதன் முன்னால் நடக்காத பிணம் பிணமே இல்லை என்று எதிர்க்கடை அப்பாதுரை டீ ஆற்றிக்கொண்டே சொல்லுவான். சும்மா இருப்பா என்று இவர் கையை ஆட்டுவார். ஆட்டிவிட்டு, வேறு யாராவது அதைக் கேட்டார்களா என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

பின்கட்டில் குடியிருந்தது ஜெர்பாய் என்கிற அம்மாள். தெருவுக்கு அவள் பார்சியம்மா. அவளுடைய முன்னோர்கள் எந்தக் காலத்திலோ பாரசீகத்திலிருந்து கப்பலேறி குஜராத்துப் பக்கம் வந்தவர்கள். அவள் பாட்டன் அங்கிருந்து மெட்ராசுக்கு வியாபாரத்துக்கு வந்து ராயபுரத்தில் தங்கிவிட்டவர். பிறந்து வளர்ந்தது ராயபுரம் என்பதால் அவள் தமிழ் நம் தமிழைவிட வேகமாக ஓடும். புருஷன் போன பிறகு மலையைப் பார்க்க ஒருதரம் வந்தாள். திரும்பிப் போய் ஒரு டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து ஏகாம்பரநாதனின் பின்கட்டிலேயே இருந்துவிட்டாள்.

ராயபுரத்தில் இருந்த சொந்தக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஜெர்பாய் இந்துவாக மாறிவிட்டாள் என்று அங்கே பேச்சு. கல்யாணத்தில் நாலு பேர் கூடினாலும் அதே பேச்சு, கருமாதியில் கூடினாலும் அதே பேச்சு. தங்கை கூவர்பாய் ஒருத்திதான் அக்காவுக்காக எல்லோரிடமும் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். இதைப் பார்சியம்மாவே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

அவள் மாறவெல்லாம் இல்லை. உள்ளே ஒரு மெல்லிய வெள்ளைச் சட்டை, அதன்மேல் இடுப்பில் சுற்றிய கம்பளிக் கயிறு, இரண்டையும் ஒருநாளும் விட்டதில்லை. தலையில் வெள்ளைத் துணியைப் போட்டுக்கொண்டு, விளக்குக்கு எதிரே நின்று, கயிற்றை அவிழ்த்து மறுபடி முடிந்தபடி ஏதோ மந்திரம் சொல்லுவாள். விளக்கை வாயால் ஊதி அணைக்க விடமாட்டாள். ஒருநாள் ஏகாம்பரநாதனின் மனைவி உண்ணாமுலை, சீப்பில் வந்த முடியைச் சுருட்டி அடுப்பில் போட்டுவிட்டாள். பார்சியம்மா பதறிக்கொண்டு ஓடிவந்து, நெருப்புக்குப் போய் இந்த அழுக்கைக் கொடுக்கலாமா என்று சண்டைக்கே வந்துவிட்டாள். கார்த்திகை தீபத்தன்று மொட்டை மாடியில் நின்று மலையுச்சியில் எரிகிற தீபத்தைப் பார்த்து அவள் கண் கலங்கி நின்றதை ஏகாம்பரநாதன் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார். மலையே நெருப்பு என்று கும்பிடுகிற ஊர் இது. நெருப்பைக் கும்பிடுகிற ஜாதியிலிருந்து ஒரு அம்மாள் தேடிக்கொண்டு வந்து தன் வீட்டில் தங்கியிருக்கிறாள் என்பதில் அவருக்கு ஏகப் பெருமை.

பெருமை மட்டுமில்லை, உண்மையான பாசமும் இருந்தது. உண்ணாமுலைக்கு விஷக்காய்ச்சல் வந்து ஆள் பிழைக்காது என்று கிடந்தபோது, சொந்த அக்கா தங்கைகள் வாசலோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பார்சியம்மாதான் பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி புகட்டி, துணி மாற்றி, எழுந்து நடக்க வைத்தாள். அன்றிலிருந்து அவருக்கு அவள் அக்கா. பேச்சுக்கு அக்கா இல்லை, நிஜமாகவே அக்கா.

மார்கழியில் பக்கத்து வீட்டு ராஜம்மாள் செத்துப்போனாள். வழக்கம்போல ஏகாம்பரநாதன்தான் எல்லாம். எமலிங்கக் கோயிலுக்குப் பக்கத்துச் சுடுகாட்டில் காரியத்தை முடித்து, தலை முழுகி, ஈரத் துண்டோடு பின்பக்கமாக வீட்டுக்குள் நுழைந்தவரை பார்சியம்மா கூப்பிட்டாள். அப்போது அங்கே வேறு யாருமில்லை.

"ஏகாம்பரம், நான் போயிட்டா எனக்கு இதெல்லாம் ஒண்ணும் செய்ய வேண்டாம். என் தங்கச்சிக்குத் தந்தி அடி, அவ வந்து கொண்டுபோயிடுவா. ராயபுரத்துல எங்க மண்ணு இருக்கு. அவ வர்ற வரைக்கும் என்னைச் சும்மா போட்டு வை. நெருப்புல மட்டும் வெச்சிடாதே."

உங்களுக்கு இன்னும் நாள் இருக்குதுக்கா என்று சிரித்துவிட்டு அவர் உள்ளே போனார். அவ்வளவுதான் நடந்தது.

அவர் அதைக் காதில் வாங்காமல் இல்லை. வாங்கினார், ஆனால் தனக்குத் தெரிந்த விதத்தில் வாங்கினார். எத்தனை சாவுகளைப் பார்த்தவர் அவர். எனக்கு ஒன்றும் செய்யாதீர்கள், கோணியில் சுருட்டிக் கொண்டுபோய்ப் போடுங்கள் என்று சொல்லாத கிழம் உண்டா? சொன்னார்களே என்று கோணியில் சுருட்டுகிறவன் மனுஷனா? பந்தியில் போதும் போதும் என்று இலையை மறைப்பவர்களுக்குத்தான் கூட ஒரு கரண்டி போட வேண்டும். பார்சியம்மாவும் அப்படி மரியாதைக்கு மறுக்கிறாள் என்று நினைத்தார். நெருப்பில் வைக்காதே என்றதுகூட அவருக்கு அப்படித்தான் பட்டது. நெருப்பைச் சாமியாக நினைக்கிற மனுஷி, அதில் போய்ச் சேருகிற தகுதி தனக்கு இல்லை என்று அடக்கமாகச் சொல்லுகிறாள். எப்பேர்ப்பட்ட மனசு என்று உருகிப்போனார். உருகியவர், ஏன் அப்படிச் சொல்லுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அவருக்கு எந்த வீட்டிலும் இல்லை.

சித்திரை பிறந்து வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு காலையில், பார்சியம்மா படுத்தபடியே போய்விட்டாள். காபி கொண்டுபோன உண்ணாமுலை கத்திக்கொண்டு வந்தாள். ஏகாம்பரநாதன் அக்கா அக்கா என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தெரு அதை அன்றைக்குத்தான் பார்த்தது. அடுத்தவர் சாவில் கண் கலங்காத ஆள். அழுது முடித்து சட்டையைக் கழற்றினார்.

தந்தி அடிக்க ஆள் அனுப்பினார். அதோடு தங்கைக்குச் செய்ய வேண்டியது தீர்ந்தது என்று அவருக்கு நினைப்பு. அவங்க தங்கச்சி வரட்டுமே, நாளைக்கு எடுக்கலாமே என்று உண்ணாமுலை இரண்டு தடவை சொன்னாள். இந்த வெயிலில் உடம்பு தாங்குமா, மெட்ராசிலிருந்து அவர்கள் என்றைக்கு வந்து சேர்வது, ராத்திரி முழுக்க அக்காவை நாற விடச் சொல்லுகிறாயா என்று இவர் எரிந்து விழுந்தார். அப்பாதுரைக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. இவங்க ஜாதியில எரிக்கிறதா பொதைக்கிறதா என்று இழுத்தான்.

"நெருப்பைக் கும்பிட்டவங்களை மண்ணுல போடுவாங்களாடா?" என்றார் ஏகாம்பரநாதன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் நின்று பதில் சொல்லியிருக்க மாட்டார்.

அன்றைக்குச் செய்தது போல அவர் தன் அப்பாவுக்குக்கூடச் செய்ததில்லை. உண்ணாமுலையும் இரண்டு பெண்களும் உடம்பைக் குளிப்பாட்டினார்கள். அந்த வெள்ளைச் சட்டையையும் கயிற்றையும் கழற்றி மடித்து வைத்துவிட்டு, புதுப் பட்டுப்புடவை சுற்றினார்கள். நெற்றி நிறைய விபூதி. பார்சியம்மா தினமும் சோறு வைக்கிற ஒரு கறுப்பு நாய் உண்டு, இரண்டு கண்ணுக்கு மேலேயும் பொட்டு வைத்த மாதிரி மஞ்சள் புள்ளி இருக்கும். அது கூட்டத்துக்குள் புகுந்து அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது. பிணத்தை நாய் பார்க்கிறதே என்று ஏகாம்பரநாதன் மூங்கில் துண்டை எடுத்து அதன் முதுகில் ஒன்று போட்டார். நாய் ஊளையிட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடியது.

அவளுக்குப் பிள்ளை கிடையாது. தம்பி நான் இருக்கிறேன் என்று ஏகாம்பரநாதனே உட்கார்ந்து தலையை மழித்துக்கொண்டார். மீசையையும் எடுத்தார். அந்த மீசை மண்டித் தெருவில் பேர்போன மீசை; அதை எடுத்ததும் கூட்டத்தில் சில பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார்கள். சங்கு ஊதி, சேகண்டி அடித்து, சிவபுராணம் பாடி ஊர்வலம் போனது. விறகின்மேல் சந்தனக் கட்டைத் துண்டுகள், அதன்மேல் நெய். தோளில் பானையோடு சுற்றி வந்து, பானையை உடைத்து, திரும்பிப் பார்க்காமல் பின்கையால் கொள்ளி வைத்தார். தீ சட்டென்று பிடித்துக்கொண்டது. பார்சியம்மா சிதை எப்படி எரியுது பார் என்று வந்தவர்கள் சொன்னார்கள். யாரோ ஒரு வேற்று மதத்துப் பொம்பளைக்கு இப்படி ஒருத்தன் செய்வானா என்று எல்லோர் வாயிலும் அவர் பேச்சுத்தான். அன்று ராத்திரி அவர் துக்கத்தோடு படுத்தார் என்பது உண்மை. நிம்மதியாகத் தூங்கினார் என்பதும் உண்மை.

மறுநாள் காலை, பால் தெளிக்கப் புறப்படுகிற நேரத்தில், புழுதி படிந்த ஒரு கார் வாசலில் வந்து நின்றது. வெள்ளைப் புடவையில், தலையில் துணி போட்ட ஒரு வயதான அம்மாள் இறங்கினாள். பார்சியம்மாவைக் கொஞ்சம் குட்டையாக்கிய மாதிரி அதே முகம். கூடவே அவள் மகன் ஹோமி, முப்பது வயசுக்காரன். தந்தி சாயங்காலம்தான் கைக்குக் கிடைத்தது, கிடைத்ததும் புறப்பட்டுவிட்டோம், வழியில் வண்டி நின்றுவிட்டது என்று அவன் மூச்சு விடாமல் சொன்னான். ராயபுரத்தில் குழி தயாராக இருக்கிறது, ஓதுகிற பெரியவர் காத்திருக்கிறார், உடனே எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றான்.

குழி என்ற சொல் ஏகாம்பரநாதனுக்கு எதையும் உணர்த்தவில்லை. கும்பிட்டு, கூவர்பாயை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தார். நீங்கள் கவலையே பட வேண்டாம், ஒரு குறை வைக்கவில்லை என்று தொடங்கி பட்டுப்புடவை, விபூதி, சங்கு, சந்தனம், நெய் என்று ஒன்று விடாமல் சொன்னார். தன் மொட்டைத் தலையைத் தடவிக் காட்டி, தம்பி முறைக்கு நானே கொள்ளி வைத்தேன் என்றார். அதற்குள் தெருவில் பாதிப்பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அப்பாதுரை கூட்டத்திலிருந்து, ராஜா வீட்டுச் சாவு மாதிரி இருந்துச்சுங்க என்று எடுத்துக் கொடுத்தான். கூவர்பாய் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தீயிலயா?" என்றாள்.

ஆமாங்க என்றார் அவர். சொல்லும்போதே அவள் முகத்தில் என்னவோ சரியில்லை என்று அவருக்குப் பட்டது. ஹோமி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டான்.

நிமிர்ந்து அவன்தான் விஷயத்தைச் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி சொன்னான். நெருப்பு அவர்களுக்குக் கடவுளின் வெளிச்சம். அதில் சுத்தமான கட்டையைத் தவிர எதுவும் போடக்கூடாது. உயிர் போன உடம்பைவிட அசுத்தம் அவர்களுக்கு வேறில்லை. அதை நெருப்பில் போடுவது, கோயில் கருவறையில் கொண்டுபோய்ப் போடுகிறது போல. பம்பாயில் உடம்பைக் கழுகுக்குக் கொடுக்கிறார்கள், நெருப்பையும் தண்ணீரையும் கெடுக்கக் கூடாது என்றுதான் அதுவும். மெட்ராசில் அதற்கு இடமில்லாததால் மண்ணுக்குள் கல் வைத்துக் கட்டி, அதில் வைப்பார்கள். அவர்கள் ஜனத்தில் எவ்வளவு பெரிய பாவி செத்தாலும் எரித்ததாகத் தன் குடும்பத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை என்றான்.

ஏகாம்பரநாதனுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. அடுப்பில் போட்ட முடிக்காக அந்த அம்மாள் ஓடிவந்ததும், நெருப்பில் மட்டும் வைத்துவிடாதே என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னதும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அடக்கம் இல்லை, மரியாதைக்கு மறுத்ததும் இல்லை. மனுஷி தன் கடைசி ஆசையைச் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். காற்று பட்டு மொட்டைத் தலை சில்லென்று இருந்தது. அதைத் துண்டால் மூடிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, மூடினால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று சும்மா நின்றார்.

கூவர்பாய் மெதுவாக இன்னொன்று கேட்டாள். அக்கா ஒரு கறுப்பு நாயைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள், கண்ணுக்கு மேலே புள்ளி வைத்த நாய், அது கடைசியாக வந்து அவள் முகத்தைப் பார்த்ததா என்று கேட்டாள். அவர்கள் வழக்கத்தில் செத்தவர் முகத்தை அப்படி ஒரு நாய் பார்க்க வேண்டுமாம். பார்த்தால் கெட்டது எதுவும் அண்டாதாம். அக்கா இங்கே அந்த நாயை அதற்காகத்தான் வைத்திருப்பாள் என்றாள். ஏகாம்பரநாதன் நாய் ஓடிய ரோட்டுப் பக்கம் பார்த்தார். உண்ணாமுலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதுவரை எல்லாமே தெரியாமல் நடந்த தப்பு என்று சொல்லிக்கொள்ள இடம் இருந்தது. கூவர்பாயும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். நீங்க பாசத்துல செஞ்சீங்க, உங்க மேல தப்பில்ல என்று சொல்லிவிட்டு, அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"என் அக்கா உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா? தன்னை இன்னா செய்யணும்னு, ஒரு வார்த்தைகூட?"

தெருவே நின்றுகொண்டிருந்தது. அப்பாதுரை நின்றுகொண்டிருந்தான். நேற்று அவர் காலைத் தொட்டுக் கும்பிட்ட பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஒண்ணும் சொல்லலீங்க" என்றார் ஏகாம்பரநாதன்.

பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று அவருக்கே தெரியாது. வாய் சொல்லி முடித்த பிறகுதான் மனசு ஓடிவந்து சேர்ந்தது. போகட்டும், செத்தவள் திரும்பியா வரப்போகிறாள், இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அது அவருக்குச் சமாதானம் சொல்லவும் செய்தது.

நஷ்டம் யாருக்கு என்று அடுத்த நிமிஷமே தெரிந்துபோயிற்று. கூவர்பாயின் தலை குனிந்தது. அக்காவுக்காக ஊரெல்லாம் சண்டை போட்ட மனுஷி அவள். எல்லாவற்றையும் வாய் ஓயாமல் சொல்லுகிற அக்கா, தன் உடம்பைப் பற்றி மட்டும் இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாள் என்றால், அவளுக்கு இது சம்மதம் என்றுதானே அர்த்தம். ராயபுரத்தில் பேசியது மெய், தான் வாதாடியது பொய். மகனிடம் அவள் குஜராத்தியில் ஏதோ சொன்னாள். அவன் இல்லம்மா இல்லம்மா என்று மறுத்தான். அவள் கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள்.

பிறகு தமிழில் சொன்னாள். அவர்கள் நம்பிக்கையில் உயிர் மூன்று ராத்திரி பூமியில் நிற்கும், நாலாம் நாள் விடியலில்தான் புறப்படும். அதுவரை பெரியவர்கள் அதற்காக ஓத வேண்டும். ஆனால் தன் சம்மதத்தோடு எரிந்தவளுக்கு ஓதச் சொல்லி அவளால் அவர்கள் முன் போய் நிற்க முடியாது, அவர்களும் ஓத மாட்டார்கள். சொல்லச் சொல்ல அவள் குரல் தேய்ந்துகொண்டே போனது. உண்ணாமுலை மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையையும் கயிற்றையும் கொண்டுவந்து கொடுத்தபோது, வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்துத்தான் வாங்கினாள்.

"மிச்சம் இருக்கிற காரியத்தை நீங்களே உங்க வழக்கப்படி செஞ்சிடுங்க" என்றாள். "அவ உங்க ஆளு."

நேற்று யாராவது இதைச் சொல்லியிருந்தால் ஏகாம்பரநாதன் ஒரு மாசத்துக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருப்பார். இன்றைக்கு அது அவரைக் குடைந்தது. ஒரு உடம்பை எரித்தது அறியாமை. இப்போது அவர் எரித்துக்கொண்டிருப்பது அந்த அம்மாள் கடைசிவரை விடாமல் காப்பாற்றின நம்பிக்கையை. அதுவும் தெரிந்தே செய்கிறார். எதற்கு? அப்பாதுரை முன்னால் தலை கவிழாமல் இருப்பதற்கு. பெரிய மனுஷன் என்ற பேருக்கு. தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது.

கூவர்பாய் எழுந்து வாசலைத் தாண்டிவிட்டாள். ஹோமி கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு காலை உள்ளே வைத்தபோது ஏகாம்பரநாதன் ரோட்டுக்கு இறங்கினார்.

"அம்மா, நான் சொன்னது பொய். அக்கா சொன்னாங்க. ராயபுரத்துல எங்க மண்ணு இருக்குது, தங்கச்சி வந்து கொண்டுபோவா, நெருப்புல மட்டும் வெச்சிடாதேனு என் மூஞ்சியப் பாத்துச் சொன்னாங்க. நான்தான் கேக்கலை."

அப்பாதுரை அவர் தோளைப் பிடித்து, துக்கத்துல என்னமோ பேசறாரு, மனசுல வெச்சுக்காதீங்க என்று அந்த அம்மாளிடம் சொல்லப் பார்த்தான். நல்லெண்ணம்தான். ஏகாம்பரநாதன் அவன் கையை விலக்கினார். துக்கத்தில் பேசவில்லை, மார்கழியில் ராஜம்மாளை எடுத்த அன்றைக்குச் சொன்னார்கள், ஒப்புக்குச் சொல்லுகிறார்கள் என்று நானாக முடிவு பண்ணிக்கொண்டேன் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். அந்த நாய் வந்தது, நான்தான் அடித்துத் துரத்தினேன் என்பதையும் சொன்னார். கூட்டத்தில் யாரோ ஒருத்தி அடப்பாவி என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், அவருக்குக் கேட்டது.

கூவர்பாய் காரிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தாள். அவள் தன்னைத் திட்டுவாள் என்று ஏகாம்பரநாதன் காத்திருந்தார். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவள் கிட்டே வந்து, அக்கா என்ன சொன்னாள், அந்த வார்த்தைகளை அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள். அவர் சொன்னார். மறுபடியும் சொல்லச் சொன்னாள். தங்கச்சி வந்து கொண்டுபோவா என்ற இடத்தில் அவள் முகம் மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது. கண்ணில் நீர் வழிய, மகன் கையைப் பிடித்து உலுக்கி, நான் சொன்னேனா இல்லையா, நான் சொன்னேனா இல்லையா என்று சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு எதிரே நிற்பதைவிட நாலு அடி வாங்கியிருக்கலாம் என்று ஏகாம்பரநாதனுக்குத் தோன்றியது.

உடனே சுடுகாட்டுக்குப் போக வேண்டும், அக்காவில் என்ன மிச்சம் இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு போய் அந்தக் குழியிலேயே வைக்க வேண்டும் என்றாள் கூவர்பாய். பெரியவர் மறுத்தால் அவரிடமும் சண்டை போடுவேன் என்றாள். கார் முன்னால் போக, ஏகாம்பரநாதன் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனார். தெருக்காரர்கள் யாரும் கூட வரவில்லை. அவர் முன்னால் நடக்க ஊர் பின்னால் வந்த ரோடு அது.

சுடுகாட்டில் சிதை ஆறிக் கிடந்தது. சுடுகாட்டைப் பார்த்துக்கொள்கிற கருப்பன் தண்ணீர் தெளித்து ஒதுக்கி, புதுச் சட்டியும் பால் சொம்பும் தயாராக வைத்திருந்தான். கொள்ளி வைத்தவர்தான் முதலில் கை வைத்து எலும்பு எடுக்க வேண்டும் என்பது வழக்கம். வாங்கய்யா என்று அவன் ஏகாம்பரநாதனைக் கூப்பிட்டான். அவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு அடி எடுத்து வைத்தார். எத்தனையோ வருஷப் பழக்கம், கால் தானாகப் போனது.

"நீங்க வேண்டாங்க" என்றாள் கூவர்பாய். "நாங்க எடுத்துக்கிறோம்."

குரலில் கடுமை இல்லை. ஏகாம்பரநாதன் நின்ற இடத்திலேயே நின்றார். அம்மாவும் பிள்ளையும் சாம்பலில் உட்கார்ந்து, நேரம் போவது தெரியாமல் விரலால் துழாவித் துழாவி எடுத்தார்கள். பட்டுச் சரிகை உருகி எலும்பில் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தையெல்லாம் அந்த அம்மாள் நகத்தால் சுரண்டி எடுத்தாள். அவர் வாங்கிப் போட்ட பட்டு. எடுத்ததை எல்லாம் அக்காவின் வெள்ளைச் சட்டையில் வைத்து, அந்தக் கம்பளிக் கயிற்றாலேயே கட்டினாள். சட்டியையும் பாலையும் என்ன செய்வது என்று கருப்பன் ஏகாம்பரநாதனைப் பார்த்தான்.

மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு கூவர்பாய் காரில் ஏறினாள். வண்டி அவரைத் தாண்டும்போது நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை இறக்கினாள்.

"நீங்க மட்டும் சொல்லாம இருந்தா, இவளை இங்கயே விட்டுட்டுப் போயிருப்பேன். ரொம்ப நன்றிங்க."

சொல்லிவிட்டு, சாம்பல் அப்பிய இரண்டு கைகளையும் சேர்த்து அவரைக் கும்பிட்டாள். மனசாரத்தான் கும்பிட்டாள். பதிலுக்குக் கும்பிட வேண்டும் என்று ஏகாம்பரநாதனுக்குத் தெரியும். கார் செங்கம் ரோட்டில் திரும்பி மறைகிறவரை அவருக்குக் கை எழவில்லை.